பழைய வீட்டு சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் இல்லை; ஸ்மார்ட் டிம்மர் வைக்கலாமா?

தம்பி கேட்டது இதுதான். அம்பாசமுத்திரத்தில் தாத்தா காலத்து வீடு. பட்டாசல் (கூடம்), மச்சு (மேல் அறை), மாடிப்படி ஆகிய மூன்று இடத்திலும் போனிலிருந்தே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஸ்மார்ட் டிம்மர் வைக்க ஆசை. வாங்கி வந்த டிம்மரில் நியூட்ரல் கட்டாயம் என்று போட்டிருக்கிறது. வந்து பார்த்த ஒயர்மேன், “சுவிட்ச் பெட்டியில நியூட்ரலே கிடையாது, எர்த்துல கொடுத்து ஓட்டிரலாம்” என்கிறார். கொடுக்கலாமா? இல்லையென்றால் வேறு என்ன வழி?

எர்த்தில் கொடுக்கக் கூடாது. இதை முடித்துவிட்டு மற்றதைப் பேசுவோம். நியூட்ரல் என்பது ஃபேஸ் ஒயரில் போன கரண்ட் திரும்பி வருகிற வழி. எர்த் ஒயர் எப்போதும் சும்மா கிடக்க வேண்டியது. கிரைண்டரிலோ மோட்டாரிலோ கரண்ட் இரும்பு உடம்பில் ஏறிவிட்டால் மட்டும் அதை மண்ணுக்குள் இறக்க வைத்தது. டிம்மரின் நியூட்ரல் முனையை எர்த்தில் முறுக்கினால் டிம்மர் வேலை செய்யும், பொய்யில்லை. அதனால்தான் இந்தக் குறுக்குவழி நிலைத்துவிட்டது. ஆனால் புறவாசலில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த அந்த எர்த் குழாய் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறதோ, யார் கண்டது? சித்திரை வெயிலில் குழி காய்ந்து கிடக்கும். தண்ணீர் ஊற்றி வருஷக்கணக்காகியிருக்கும். எர்த் ஒயர் நடுவில் எங்கேயாவது அற்றிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஃபேஸ் டிம்மருக்குள் நுழைந்து, அதே எர்த்தில் கட்டிய ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் எல்லாவற்றின் உடம்பிலும் வந்து உட்கார்ந்துவிடும். வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்தில் கசிந்தால் தானே அணைகிற பாதுகாப்பு சுவிட்ச்) இருந்தால், இரண்டு மூன்று டிம்மர்கள் சேர்ந்து எர்த்தில் கசிந்தாலே டிரிப் ஆகிக் காட்டிக்கொடுக்கலாம். அதற்கும் ஒரு ‘வைத்தியம்’ வைத்திருக்கிறார்கள்: ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராகக் கொடுத்துவிடுவது. அப்படி ஒரு டிம்மர் வேண்டவே வேண்டாம்.

சரி, நியூட்ரல் உண்மையிலேயே இல்லையா என்று பார்ப்போம். “பழைய வீட்டில் நியூட்ரல் இருக்காது” என்ற பேச்சில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே லைட் சுவிட்ச் ஒரு பெட்டி, பிளக் வேறு பெட்டி. விளக்கிலிருந்து சுவிட்சுக்கு இரண்டே ஒயர் இறக்கி ஏற்றுவார்கள், நியூட்ரல் மேலேயே நின்றுவிடும். சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் வர வேண்டும் என்பது அவர்களுடைய மின் விதித்தொகுப்பில் 2011 பதிப்பில்தான் சேர்ந்தது. நம் ஊரில் போர்டு என்றால் மூன்று நான்கு சுவிட்ச், ஃபேன் ரெகுலேட்டர், கூடவே ஒரு 5 ஆம்பியர் பிளக். அந்தப் பிளக்குக்கு நியூட்ரல் இல்லாமல் முடியாது. அதாவது பிளக் இருக்கிற எந்தப் போர்டிலும் நியூட்ரல் இருக்கிறது. பழைய டூ பின் பிளக்காக இருந்தாலும் சரி, கரண்ட் வந்தால் எரிகிற சின்னச் சிவப்பு இண்டிகேட்டராக இருந்தாலும் சரி, அதே கதைதான். உங்கள் பட்டாசல் போர்டில் பிளக் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் பட்டாசலில் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஒயர்மேன் சுவிட்சுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு ஒயரை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பார். சுவிட்சில் நியூட்ரல் வராதுதான், பக்கத்துப் பிளக்கில் வரும்.

மூன்று பின் பிளக்கை நேராகப் பார்த்தால் மேலே பெரிய ஓட்டை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். இது விதி. பழைய வீட்டில் விதிப்படி மாட்டியிருப்பார்கள் என்று நம்பிவிடக் கூடாது. ஒயர் நிறத்தையும் நம்பக் கூடாது. கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பதெல்லாம் அன்றைக்குக் கடையில் எந்தச் சுருள் மிச்சம் இருந்தது என்பதைப் பொறுத்தது. அந்த நியூட்ரல், விளக்கு இருக்கிற அதே சர்க்யூட்டைச் சேர்ந்ததுதானா என்று உறுதி செய்வது முக்கியம். விளக்கின் பியூஸைக் கழற்றுங்கள். பிளக்கும் செத்துவிட்டால் ஒரே சர்க்யூட். லைட் சர்க்யூட்டுக்கு 10 பாயிண்ட் அல்லது 800 வாட் என்று வரம்பு வைத்து, 5 ஆம்பியர் பிளக்கையும் அதற்குள்ளேயே சேர்ப்பதுதான் இங்கே வழக்கம் என்பதால் பெரும்பாலும் ஒத்துப்போகும். 15 ஆம்பியர் பவர் பிளக் தனி சர்க்யூட். அதிலிருந்து நியூட்ரல் கடன் வாங்கக் கூடாது. வாங்கினால், ஒரு சர்க்யூட்டை அணைத்துவிட்டு வேலை செய்கிறவர் “செத்த” நியூட்ரலைக் கழற்றும்போது அடுத்த சர்க்யூட்டின் கரண்ட் அதில் வந்து அடிக்கும். த்ரீ ஃபேஸ் சர்வீஸ் உள்ள வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. பழைய நெல்லைச் சீமை வீடுகளில் இதைச் செய்யாமல் எதையும் தொடக்கூடாது என்பேன். சுவிட்ச் ஃபேஸில் இருக்கிறதா, நியூட்ரலில் இருக்கிறதா? ஃபேஸில்தான் இருக்க வேண்டும். ஆனால் எப்போதோ மெயின் மாற்றும்போது ஒயர் இடம் மாறி, பாதி வீட்டுக்கு சுவிட்ச் நியூட்ரலில் ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு எரியும், அணையும், யாருக்கும் தெரியாது. கண்டுபிடிக்க, சுவிட்சை அணைத்துவிட்டு அதன் இரண்டு முனையிலும் டெஸ்டர் வையுங்கள். ஒன்று எரியும். இப்போது ஹோல்டரிலிருந்து பல்பைக் கழற்றிவிட்டு மறுபடி அதே முனையைப் பாருங்கள். எரிந்தால் அது நேரடி ஃபேஸ், சரியான வயரிங். அணைந்துவிட்டால் அதுவரை பல்பு வழியாகத்தான் ஃபேஸ் வந்துகொண்டிருந்தது. சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது. அதை மெயினிலேயே திருத்திவிட்டுத்தான் டிம்மரைப் பற்றி யோசிக்க வேண்டும். டெஸ்டர் லேசாக மினுக்கினால் குழம்ப வேண்டாம். பக்கத்து ஒயரின் தூண்டலில் சும்மாவே மினுக்கும், டிஜிட்டல் மீட்டரும் 60, 70 வோல்ட் என்று பொய் காட்டும். ஒரு டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பது நல்லது.

அப்படியே மெயினையும் திறந்து பாருங்கள். பழைய இரும்பு மெயினில் ஃபேஸுக்கு ஒரு பீங்கான் பியூஸ், நியூட்ரலுக்கு ஒரு பீங்கான் பியூஸ் என்று இரண்டு இருக்கும். நியூட்ரல் பியூஸ் மட்டும் போனால் வீடு இருட்டாகிவிடும், ஆனால் ஒயரெல்லாம் உயிரோடு இருக்கும். அந்த இடத்தில் பியூஸுக்குப் பதில் கெட்டியான நியூட்ரல் லிங்க் போட வேண்டும். இதை லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்துச் செய்யுங்கள், நீங்களாகச் செய்ய வேண்டாம்.

இனி மச்சுக்கு வருவோம். கதவுப் பக்கம் ஒற்றை சுவிட்ச், மேலே ஒரு பல்பு, வேறொன்றும் கிடையாது. இங்கேதான் நியூட்ரல் உண்மையிலேயே இருக்காது. சுவிட்சுக்கு ஒரு ஃபேஸ் வரும், அங்கிருந்து விளக்குக்கு ரிட்டர்ன் என்கிற ஒயர் போகும், அவ்வளவுதான். ஆனாலும் நியூட்ரல் தொலைவில் இல்லை. விளக்கு எரிகிறதே, அப்படியானால் சீலிங் ரோஸ் (கூரையில் விளக்கு ஒயர் இணைகிற வட்டப் பெட்டி) வரை வந்திருக்கிறது.

சுவரில் மர ரீப்பர் அடித்து, அதன்மேல் கிளிப் வைத்து ஒயர் ஓட்டிய வீடாக இருந்தால் உங்களுக்கு யோகம். அந்தக் காலத்து ஜங்ஷன் பாக்ஸ் முறையில் கதவுநிலைக்கு மேலே ஒரு வட்டப் பெட்டி இருக்கும். ஃபேஸும் நியூட்ரலும் அதுவரை வந்து, அங்கிருந்து சுவிட்சுக்கு இரண்டு ஒயர் இறங்கும். சுவிட்சுக்கும் பெட்டிக்கும் நடுவே நாலைந்து அடிதான். ஒரு கேசிங் கேப்பிங் (மூடியுள்ள ஒயர்ப் பட்டை) வழியாகப் புது நியூட்ரல் ஒயர் ஒன்றை இறக்கிவிட்டால் காரியம் முடிந்தது. சுவரைக் கொத்த வேண்டாம், சுண்ணாம்பு உதிர வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் வயரிங் அசிங்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வேலைக்கு அதைவிட வசதி வேறில்லை. எண்பது, தொண்ணூறுகளில் சுவருக்குள் பைப் புதைத்துக் கட்டிய வீடுகள்தான் பாடு. பைப்பில் ஸ்பிரிங் விட்டு இன்னொரு ஒயர் இழுக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்புப் பைப் துருப்பிடித்திருந்தால் இழுக்கிற வேகத்தில் இருக்கிற ஒயரும் உரிந்துவிடும். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், மல்லுக்கட்டாதீர்கள்.

அடுத்த வழி, டிம்மரையே நியூட்ரல் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோவது. தீப்பெட்டி அளவு மாட்யூல்கள் வருகின்றன. அதை மேலே விளக்குப் பக்கம் மூடியுள்ள ஒரு பெட்டிக்குள் வைத்து, கீழே சுவிட்சின் இரண்டு ஒயரையும் ஒன்றாக இணைத்து மூடிவிட்டால் மாட்யூலுக்கு எப்போதும் ஃபேஸ் கிடைக்கும், நியூட்ரல் அங்கேயே இருக்கிறது. சுவரில் பழைய சுவிட்ச் இருந்த இடத்தில் பேட்டரி போட்ட ஒயர்லெஸ் பட்டன் ஒன்றை ஒட்டிவிடலாம். மச்சு கட்டைகளுக்கு நடுவே மாட்யூலைச் சொருகி வைக்கிற எண்ணம் வந்தால் விட்டுவிடுங்கள். டிம்மர் சூடாகும், காய்ந்த மரத்தோடு ஒட்டிக் கிடக்கக் கூடாது.

மூன்றாவது வழி, நியூட்ரல் தேவையில்லாத டிம்மர். இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், இதில்தான் ஏமாற்றமும் அதிகம், அதனால் இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சாதாரண சுவிட்ச் அணைந்தால் வழி அறுந்துவிடும். ஸ்மார்ட் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் அதற்குள் ஒரு சின்ன மூளையும் ரேடியோவும் விழித்திருக்க வேண்டும். அவற்றுக்குச் சாப்பாடு வேண்டும். நியூட்ரல் இல்லாதபோது அந்தச் சாப்பாடு விளக்கு வழியாகத்தான் வந்தாக வேண்டும். வயலுக்குப் போகிற வாய்க்காலில் வழியில் ஒரு சொம்பு மொண்டுகொள்கிற மாதிரி, விளக்குக்குப் போகிற கரண்டில் சில மில்லிஆம்பியரை எடுத்துக்கொள்கிறது. விளக்கு முழுதாக எரியும்போதும் இந்த எடுப்பு நிற்காது. 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 அரை அலை வருகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் துண்டைத் தனக்கு ஒதுக்கிக்கொள்ளும். அதனால் இந்த வகை டிம்மரில் விளக்கு முழுப் பிரகாசத்துக்குப் போகாது, ஒரு பொட்டுக் குறைவாகவே நிற்கும்.

குண்டு பல்பு காலத்தில் இது தொல்லையே இல்லை. 60 வாட் குண்டு பல்பின் இழை எரியும்போது ஏறக்குறைய 880 ஓம். ஆறிக் கிடக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. சில மில்லிஆம்பியர் போனால் இழை கண்டுகொள்ளவே கொள்ளாது. எல்.இ.டி. பல்பு அப்படியில்லை. அதற்குள் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. கசிகிற கரண்ட் அதில் சொட்டுச் சொட்டாகச் சேரும், ஓர் அளவு வந்ததும் பல்பு ‘பளிச்’ என்று ஒரு முறை எரிந்து அணையும், மறுபடி சேரும். நடுராத்திரியில் மச்சு அறையில் அணைத்து வைத்த விளக்கு தானாக மின்னினால் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காரணம் இவ்வளவுதான்.

இதற்கு மருந்து பைபாஸ் என்று விற்கிற சின்னப் பொட்டலம். பெரும்பாலும் அதற்குள் இருப்பது ஒரு கெப்பாசிட்டர்தான். இதை விளக்குக்குப் பக்கவாட்டில், அதாவது ரிட்டர்னுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மேலே மாட்ட வேண்டும். கீழே சுவிட்சின் இரண்டு முனைக்கு நடுவில் மாட்டினால் வியாதி கூடும், குறையாது. இப்படிச் செய்துவிட்டு ‘பைபாஸ் பிரயோஜனமில்லை’ என்று திட்டுகிறவர்கள் உண்டு. 0.33 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 24 மில்லிஆம்பியரை விளக்குக்குள் விடாமல் தன் வழியே கடத்தும். அந்தக் கரண்டுக்கு மீட்டரில் காசு ஏறாது. ஆனால் ரேடியோ ரிப்பேர்க் கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு கெப்பாசிட்டரை வைக்கக் கூடாது. எக்ஸ்2 என்று அச்சிட்டு, 275 வோல்ட் ஏ.சி. அல்லது அதற்கு மேல் தாங்குகிறதாக இருக்க வேண்டும். டிம்மர் கம்பெனியே தருகிற பைபாஸ் இருந்தால் அதையே போடுங்கள்.

நியூட்ரல் இல்லாத டிம்மர் வாங்கும்போது பெட்டியில் குறைந்தபட்ச லோடு எவ்வளவு என்று படியுங்கள். ஒரே ஒரு 9 வாட் பல்பை வைத்துக்கொண்டு, 20 வாட்டாவது வேண்டும் என்கிற டிம்மரை மாட்டினால் அது அடிக்கடி மயக்கம் போட்டு விழும். வைஃபை வகைக்கு ஜிக்பீயைவிட (ஸ்மார்ட் கருவிகள் பேசிக்கொள்கிற, குறைந்த கரண்டில் ஓடும் இன்னொரு ரேடியோ முறை) பசி அதிகம். அனுப்புகிற நொடியில் வைஃபை சிப் சட்டென்று நூற்றுக்கணக்கில் மில்லிஆம்பியர் இழுக்கும்; அது 3.3 வோல்ட் கணக்கு என்றாலும், விளக்கு வழியே சொட்டுகிற வருமானத்துக்குப் பெரிய செலவுதான். ஆகவே நியூட்ரல் இல்லாத இடத்தில் ஜிக்பீ தேவலை. அதிலும் ஒரு குறை உண்டு: நியூட்ரலோடு ஓடுகிற ஜிக்பீ கருவி அடுத்த கருவிக்குச் செய்தியைத் தாண்டிவிட்டு உதவும், நியூட்ரல் இல்லாதது பெரும்பாலும் அந்த உதவியைச் செய்யாது. ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீளுகிற வீட்டில் இது உறைக்கும். நடுவில் ஏதாவது ஒரு 5 ஆம்பியர் பிளக்கில் ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் ஒன்றைச் சொருகி வைத்தால் அது பாலமாக நிற்கும்.

பெயர் பெற்றதாயிற்றே என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி அனுப்பி லூட்ரான் என்கிற அமெரிக்கக் கம்பெனியின் காசெட்டா டிம்மர் வாங்க வேண்டாம். நியூட்ரல் இல்லாமல் நன்றாக ஓடுகிறது என்று எல்லாரும் புகழ்வது அமெரிக்க மாடலை. அது 120 வோல்ட் சரக்கு. இங்கே 230-இல் மாட்டினால் முதல் நாளே விடைபெற்றுவிடும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் இருக்க வேண்டும்.

அடுத்தது பல்பு. தெருமுனைக் கடையில் வாங்குகிற 9 வாட் பின் டைப் எல்.இ.டி. பல்புகளை டிம்மரில் மாட்டினால் வெளிச்சம் குறையாது. நம் ஊர் வோல்டேஜ் பம்ப்செட் ஓடுகிற நேரத்தில் இறங்கி, ராத்திரியில் ஏறும் என்பதால், எவ்வளவு ஏறி இறங்கினாலும் ஒரே வெளிச்சம் தருகிற டிரைவர் சர்க்யூட்டைத்தான் அதற்குள் வைத்திருக்கிறார்கள். டிம்மர் குறைக்கப் பார்க்கும், பல்பு விட்டுக்கொடுக்காது. நடுவில் துடிப்பும் இரைச்சலும்தான் மிச்சம், பல்பும் சீக்கிரம் போகும். பெட்டியில் டிம்மபிள் என்று எழுதியிருக்கிற பல்பு வேண்டும். டிம்மரிலும் அலையின் முன்பகுதியை வெட்டுகிற லீடிங் எட்ஜ், பின்பகுதியை வெட்டுகிற டிரெய்லிங் எட்ஜ் என்று இரண்டு வகை உண்டு. எல்.இ.டி.க்குப் பின்னதே பெரும்பாலும் சுகம், இரைச்சல் குறைவு. சோக் வைத்த பழைய டியூப் லைட்டையும், இப்போது வருகிற எல்.இ.டி. பட்டை லைட்டையும் டிம்மரில் போடவே வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், மச்சில் ஒரே ஒரு விளக்கு என்றால் நான் டிம்மரே போடமாட்டேன். ஸ்மார்ட் பல்பு ஒன்றை மாட்டிவிட்டு சுவிட்சை ஆனிலேயே விட்டுவிடுவேன்; அதற்கு நியூட்ரல் ஹோல்டரிலேயே கிடைக்கிறது, குறைப்பதும் கூட்டுவதும் பல்புக்குள்ளேயே நடக்கிறது. ஒரே இடைஞ்சல், வீட்டில் யாராவது பழக்கதோஷத்தில் சுவிட்சை அணைத்துவிட்டால் போனில் பல்பு காணாமல் போய்விடும். மச்சு போல ஆள் அதிகம் ஏறாத இடத்துக்கு இது பொருந்தும், பட்டாசலுக்குப் பொருந்தாது. ஸ்மார்ட் பல்பை டிம்மருக்குக் கீழே மாட்டுவது மட்டும் கூடாது. இரண்டும் சண்டை போடும்.

மாடிப்படி தனிக் கதை. கீழே ஒரு டூ வே சுவிட்ச், மேலே ஒரு டூ வே சுவிட்ச். ஒழுங்கான வயரிங்கில் ஒரு சுவிட்சுக்கு ஃபேஸ் வரும், மற்றதிலிருந்து ரிட்டர்ன் விளக்குக்குப் போகும், நடுவில் இரண்டு ஒயர் ஓடும். அப்போது டிம்மர் மாட்யூலை ரிட்டர்ன் பக்கத்து சுவிட்சில் வைத்து, எதிர்ப்பக்கத்து சுவிட்சில் இரண்டு ஒயரையும் ஃபேஸோடு நிரந்தரமாக இணைத்துவிட்டு, அங்கே ஒயர்லெஸ் பட்டன் ஒட்டுவது நடைமுறைக்கு எளிது. ஆனால் பழைய வீடுகளில் ஒயர் மிச்சம் பிடிக்க வேறொரு முறை உண்டு: மேலும் கீழும் இரண்டு சுவிட்சுக்கும் பக்கத்துப் போர்டிலிருந்து ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கொடுத்து, விளக்கை இரண்டு சுவிட்சின் நடு முனைகளுக்கிடையே மாட்டியிருப்பார்கள். விளக்கு அணைந்திருக்கும்போது ஹோல்டரின் இரண்டு முனையிலும் ஃபேஸ் இருக்கக்கூடும். டூ வே சுவிட்சின் வெளி முனைகளில் ஒன்றில் எப்போதும் ஃபேஸ், மற்றதில் எப்போதும் நியூட்ரல் என்று டெஸ்டர் காட்டினால் இந்த முறைதான். இதில் ஸ்மார்ட் டிம்மர் வைக்க முடியாது, வைக்காவிட்டாலும் இது ஆபத்து. படிக்கட்டு வயரிங்கை மட்டுமாவது புதிதாக இழுத்துவிடுங்கள்.

பட்டாசலுக்குத் திரும்பினால், அங்கே மாட்யூல் வைக்கும்போது பழைய சுவிட்சைத் தூக்கி எறிய வேண்டாம். மாட்யூலில் சுவிட்சுக்கென்று தனி முனை இருக்கும். அதில் கட்டினால் போன் இல்லாதவர்களும் கையால் அணைத்து ஏற்றலாம். கையாலேயே வெளிச்சத்தைக் குறைக்கவும் வேண்டும் என்றால் அந்த இடத்தில் பெல் சுவிட்ச் போடுங்கள். அழுத்திப் பிடித்தால் குறையும், கூடும். அந்தக் காலத்து மரப்பெட்டியில் மாட்யூல் தாராளமாக உட்காரும் என்பது ஒரு லாபம். இரும்புப் பெட்டி என்றால் சிக்னலை அடைத்துக்கொள்ளும், இடமும் நெருக்கடி. மரப்பெட்டிக்குள் மாட்யூலைப் பிளாஸ்டிக் தட்டுக்கு மேல் வைத்து, காற்றுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். லோடு அளவும் எல்.இ.டி.க்குத் தனியாகப் போட்டிருக்கும். குண்டு பல்புக்கு எழுதிய வாட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது.

பெட்டியைத் திறந்ததும் ஒயரின் மேல்தோலை லேசாக வளைத்துப் பாருங்கள். ரப்பர் ஒயராக இருந்து பொரிப்பொரியாக உதிர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த வீட்டுக்கு முதலில் வேண்டியது டிம்மர் இல்லை, புது வயரிங். 3/22, 1/18 என்று அந்த நாளில் சொன்ன செம்பு ஒயர்கள் இரண்டும் ஏறக்குறைய 1.2 சதுர மில்லிமீட்டர்தான். தோல் நன்றாக இருந்தால் விளக்குக்குப் போதும், மாட்யூல் முனையிலும் உட்காரும். அலுமினிய ஒயராக இருந்தால் மாட்யூலில் நேரடியாகத் திருகக் கூடாது, நாளடைவில் தளர்ந்து சூடேறும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோர வீடுகளில் போர்டு வரை தண்ணீர் ஏறியதே, அப்படி ஒரு வீடாக இருந்தால் காய்ந்துவிட்டது என்று விட்டுவிடாமல் 500 வோல்ட் மெக்கர் (ஒயர்த் தோலின் தடையை அளக்கிற கருவி) வைத்து இன்சுலேஷனைப் பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் பைப்புக்குள் இன்னும் சேறும் ஈரமும் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

ஃபேனை இந்த டிம்மரில் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கூடாது. லைட் டிம்மரில் ஃபேன் முனகும், சூடாகும். கெப்பாசிட்டர் ஸ்டெப் வைத்த ஸ்மார்ட் ஃபேன் கன்ட்ரோலர் தனியாக வருகிறது. பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடுகிற புது வகை) என்றால் ரெகுலேட்டரே வேண்டாம், அதற்கு ரிமோட் இருக்கிறது.

நியூட்ரல் இல்லாத டிம்மர் வைத்த விளக்கில் பல்பு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஹோல்டரில் அப்போதும் வோல்டேஜ் இருக்கும், அந்த சர்க்யூட்டின் எம்.சி.பி.யையே (பியூஸின் இடத்தில் இருக்கிற சுவிட்ச்) இறக்கிவிட்டு ஏணியில் ஏறுங்கள். வீட்டில் இருப்பது பழைய சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால், கரண்ட் போன நேரத்தில் டிம்மர் இரையும், பைபாஸ் கெப்பாசிட்டரும் சூடாகும். ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் இல்லையென்றால் டிம்மர் உள்ள சர்க்யூட்டை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்காமல் விடுவது மேல். மாட்டி முடித்ததும் ஆப்பைத் திறந்து, கரண்ட் திரும்ப வரும்போது விளக்கு என்ன நிலையில் இருக்க வேண்டும் என்ற அமைப்பைத் தேடி ஆஃப் என்று வையுங்கள். பல கருவிகளில் வரும்போதே அது ஆனில் இருக்கும். ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் வந்தால் பட்டாசலில் படுத்திருக்கிற அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.